மக்கள் மாவரைத்து வளர்த்த பள்ளி

மான்செஸ்டர் என்றதும் நம் தோழர்களுக்கு நினைவில் எழுவது நூலும் துணியும்தான். கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா நாம்! ஆனால், பஞ்சாலைப் புகை அந்த நகரத்தின் வானை மறைப்பதற்கு நெடுநாள் முன்பே அங்கே வேறு ஆலைகள் ஓடின. அர்க் என்னும் சிற்றாற்று நீர் சக்கரத்தைச் சுழற்ற, தானியம் அரைத்த ஆலைகள். அவற்றின் வருவாயில் வாழ்ந்தது ஒரு பள்ளிக்கூடம்.

1515ஆம் ஆண்டு அதை நிறுவியவர் எக்ஸெட்டர் நகர பிஷப் ஹியூ ஓல்டாம். லங்காஷயர் பிள்ளைகளுக்கு அறிவு உண்டு, ஆனால் கல்வி கிட்டாமல் வீணாகிறார்கள் என்று அவர் கண்டார். இலக்கணப் பள்ளி என்று பெயர். இலக்கணம் என்றால் அன்று லத்தீன் இலக்கணம். மதகுருவாகவோ வழக்கறிஞராகவோ வர வேண்டுமானால், பல்கலைக்கழகப் படியை மிதிக்க வேண்டுமானால், லத்தீன் வேண்டும். செல்வர் வீட்டுக்கு அது தானாக வந்து சேர்ந்தது. ஏழைக்கு எட்டவில்லை.

1525ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள்! எந்தச் சீமையிலிருந்து வந்தாலும் எந்தப் பையனையும் திருப்பி அனுப்பலாகாது, கொடிய தொற்றுநோய் கண்டவனைத் தவிர. (பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.) அந்நாளில் சேவற்சண்டை நடத்தி, அதன் பெயரால் மாணவரிடம் வாத்தியார்கள் காசு பறிப்பது வழக்கம். அந்தச் சேவல் காசு கூடாது, வேறெந்தப் பெயரிலும் காசு கூடாது என்று விதியில் எழுதி வைத்தார்கள்.

சரி, வாத்தியாருக்குக் கூலி? இங்கேதான் தோழர்களே, கவனிக்க வேண்டும். ஊர்மக்கள் தங்கள் தானியத்தைப் பள்ளியின் ஆலைகளில்தான் அரைத்தாக வேண்டும். அரவைக் கூலி பள்ளிக்கு. தொழிலாளி வீட்டு அடுப்பில் ரொட்டி வெந்தபோதெல்லாம் அதில் ஒரு பங்கு பள்ளிக்குப் போயிற்று. பிஷப் பெயர் வாழ்கிறது. மாவுக்காரியின் பெயரை எழுதுவார் யார்? ஊர் பெருத்தது, ஆலைக் கட்டாயம் சுமையாயிற்று, மக்கள் முணுமுணுத்தார்கள். 1750களின் இறுதியில் பார்லிமெண்டு சட்டம் போட்டு அதை நீக்கிற்று. ஆனால் பீருக்கான முளைப் பார்லிக்கு மட்டும் விலக்கு இல்லை! ஆகவே மாலையில் உழைப்பாளி குடித்த குவளையும் பள்ளிக்கு வரி கட்டியது.

அங்கே படித்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி. வணிகர் மகன். அவருக்குப் பள்ளி பிடிக்கவில்லை. 1802இல், 17 வயது நிறையுமுன், விடியற்காலையில் ஓட்டம் பிடித்தார். ஓடுகிறவன் சிரித்துக்கொண்டு ஓடவில்லை. தன் அறையின் நாற்காலியை, மேசையை, கணப்பை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுதார். சுவரில் தொங்கிய ஒரு பெண்ணின் ஓவியத்தை முத்தமிட்டார். கனமான பெட்டியைத் தூக்கி வந்த வேலையாள் படியில் சறுக்க, பெட்டி உருண்டு தலைமையாசிரியர் படுக்கையறைக் கதவில் மோதிற்று. வேலையாளுக்கோ அடக்க முடியாத சிரிப்பு! நல்லவேளை, கதவு திறக்கவில்லை. 1821இல் இதை எழுதும்போது, நேற்று நடந்ததுபோல் எல்லாம் கண்முன் நிற்கிறது என்கிறார். வெறுத்த பள்ளியும் நெஞ்சைவிட்டுப் போவதில்லை. நம்மில் யாருக்குத்தான் போயிற்று?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சம்பளம் கட்டும் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரசு நேரடி மானியம் தந்தது. பல பிள்ளைகளின் சம்பளத்தை உள்ளாட்சிகள் கட்டின. தொழிற்கட்சி ஆட்சியில், 1976 முதல் அந்த மானியம் படிப்படியாக நின்றது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகைப் பள்ளியில் படிக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் மான்செஸ்டர் பள்ளி அந்த வழியில் சேராமல், சம்பளம் வாங்கும் தனிப்பள்ளியாகப் பிரிந்து சென்றது.

1931இலேயே பள்ளி நகரின் தென்புறம் குடிபெயர்ந்துவிட்டது. ஆலைகள் இல்லை. பழைய இடத்தில் லாங் மில்கேட், அதாவது நீண்ட ஆலைத் தெரு, என்ற பெயர் மட்டும் நிற்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிநிதி உண்டு. அதைக் கேட்கும் பெற்றோர் வருமானக் கணக்கைக் காட்ட வேண்டும். 1525இல் கேட்டது தொற்றுநோய் உண்டா என்று மட்டும்தான்.