ஒரே துறையில் இரு படகுகள்



புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு புறப்படுகின்றது; நெடுந்தீவுக்கும் புறப்படுகின்றது. இரு தீவுகளிலும் மகா வித்தியாலயம் உண்டு. துறைக்கு வந்த புத்தகக் கட்டொன்றின்மேல் 'மகா வித்தியாலயம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அஃது எப்படகில் ஏறுவது? எழுதியது பொய்யன்று, ஆயினும் கட்டு வேறு தீவுக்குப் போய்விடலாம். இணையச் சேவையகங்களிலும் இத்தகைய மயக்கம் நேர்வதுண்டு. அதனைத் தவிர்க்கும் வகையே இன்றைய பேச்சின் பொருள்.

சேவையகமாவது, கேட்பவர்க்கு இணையப் பக்கங்களை எடுத்து வழங்கும் கணினி. செலவைக் குறைக்க, ஒன்றிலேயே பல செயலிகளை வைப்பது வழக்கம். ஒரு பாடசாலையின் நூலகப் பதிவேடும் புள்ளிப் பதிவேடும் அவ்வாறு ஒரே முகவரியின்கீழ் அமைந்துள்ளன என்று கொள்வோம். உள்ளே வந்தவர் இன்னாரென்று நினைவில் வைக்க, இரண்டும் 'பயனர்' என்னும் மாறியைக் கையாளுகின்றன. மாறி என்பது பெயர் எழுதிய ஒரு பெட்டி; அதனுள் ஒரு மதிப்பு இருக்கும். நூலகத்தில் 12ஆம் இலக்கத்தவன் ஒரு மாணவன். புள்ளிப் பதிவேட்டில் 12ஆம் இலக்கத்தவர் ஓர் ஆசிரியர். நூலகத்துள் நுழைந்த மாணவன் அதே உலாவியில் புள்ளிப் பதிவேட்டைத் திறந்தால், அது பெட்டியைப் பார்த்து அவனை ஆசிரியரென்றே கொள்ளும். பூட்டை எவரும் உடைக்கவில்லை. ஆனால் புள்ளிகளைத் திருத்தும் உரிமை மாணவன் கைக்கு வந்துவிடுகின்றது.

இதன் காரணம் யாது? பெருவழக்கிலுள்ள பிஎச்பி மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் வருகையாளருக்குரிய மாறிகள் 'அமர்வு' என்னும் கோப்பாகச் சேவையகத்தில் இருக்கும். அக்கோப்பின் அடையாளத்தை உலாவி 'குக்கி' என்னும் சிறு சீட்டாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் காட்டும். நாமாக மாற்றி அமைக்காவிடின், எல்லாச் செயலிகளும் சீட்டுக்கு ஒரே பெயரை இடும். கோப்புகளையும் ஒரே இடத்திற் சேர்க்கும்.

செயலிகளை வெவ்வேறு துறை இலக்கங்களில் நிறுத்தினாற் போதுமென்பர் சிலர். போதாது. குக்கிகளின் ஒழுங்கை வகுத்து 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6265 என்னும் ஆவணம், துறை இலக்கம் குக்கிகளைப் பிரிப்பதில்லை என்று தெளிவாகவே கூறுகின்றது.

பரிகாரம் இருவகைப்படும். முதலாவது, பெயரைப் பிரித்தல். 'நூலகப் பயனர்', 'புள்ளிப் பயனர்' என மாறிகளுக்கு முன்னொட்டு இடுக. அமர்வுச் சீட்டுக்கும் செயலிதோறும் தனிப்பெயர் வைக்குக. வேர்ட்பிரஸ் என்னும் செயலியில் அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டை மாற்றுதற்கு இடமிருப்பதும், ஒரே தரவுத்தளத்தில் பல தளங்கள் மோதாது வாழ்தற்கேயாம்.

இரண்டாவது, இடத்தைப் பிரித்தல். பெயர் தவறுதலைத் தடுக்கும், வஞ்சனையைத் தடுக்காது. அயலான் பெட்டியின் பெயரை அறிந்தால் அதனைத் திறக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு செயலிக்கும் தனி முகவரிப் பெயரும், அமர்வுக் கோப்புகளுக்குத் தனி இடமும், சேவையகத்தில் தனிப் பயனர் கணக்கும் அளித்தல் வேண்டும். முகவரி தனியாயினும், சீட்டைப் பொது முகவரி முழுவதற்கும் செல்லும்படி விட்டுவிட்டால் பயனில்லை.

புதிய செயலியை நிறுவியதும் ஒரு சோதனை செய்க. பழைய செயலியில் மாணவனாக நுழைந்து, அதே உலாவியில் புதியதைத் திறவுங்கள். கடவுச்சொல் கேளாமல் உள்ளே விடுமாயின், ஒரு பிள்ளையின் புள்ளியையும் அதில் இன்னும் பதியாதிருங்கள்.