கத்தரியைக் கீழே வை, கண்ணா!

ஸ்டாம்ப் சேர்க்கிற சுட்டிகளே, வாருங்கள். ஒட்டுகிற ஸ்டாம்பு தெரியும். உறையோடு சேர்த்தே அச்சடித்த ஸ்டாம்பைக் கவனித்திருக்கிறீர்களா? "தபால் ஆபீஸில் பார்த்திருக்கிறேன் மாமா" என்கிறவர்களுக்கு ஒரு சபாஷ். கண்ணைத் திறந்து வைத்திருக்கிற பிள்ளைகள்தான் நல்ல சேகரிப்பாளர் ஆவார்கள்.

அமெரிக்காவில் இந்த வகை உறை 1853லேயே வந்துவிட்டது. நாம் பார்க்கப்போவது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து வந்தவற்றை. 1907 முதல் அவை ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தயாராயின.

ஒரு 2 சென்ட் உறை கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது மேல் மூலையில் சிவப்பு நீள்வட்டம். நடுவே ஜார்ஜ் வாஷிங்டனின் தலை. விரலால் மெல்லத் தடவுங்கள். மூக்கும் நெற்றியும் மேடாகத் தட்டுப்படும். சுற்றிலும் சிவப்பாக இருக்க, தலை மட்டும் ஏன் வெள்ளை?

வீட்டில் கொழுக்கட்டை அச்சு இருக்கிறதா? அச்சில் பள்ளமாக இருப்பது மாவில் மேடாக வரும். இங்கேயும் அதே கதைதான். உலோக அச்சில் தலை பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். மை சுற்றியுள்ள சமதளத்தில் மட்டும் படும், பள்ளத்தில் இறங்காது. காகிதத்தைப் பின்னாலிருந்து அழுத்தியதும் அது பள்ளத்துக்குள் புகுந்து மேடாகிவிடும். அங்கே மை இல்லாததால் வெள்ளையாகவே நிற்கும். புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை படியுங்கள். அவசரமே இல்லை.

இப்போது உறையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ரூபாய் நோட்டில் தெரிவதுபோல் வாட்டர்மார்க் தெரியும். காகிதக் கூழ் ஈரமாக இருக்கும்போதே கம்பியால் வளைத்த எழுத்துகளை அதன்மேல் அழுத்துவார்கள். அழுந்திய இடம் மெல்லிசாகிவிடும். அதன் வழியே வெளிச்சம் கூடுதலாக வரும். உறை செய்யும் கான்ட்ராக்ட் மாறினால் வாட்டர்மார்க்கும் மாறும். ஆகவே உறையின் வயதைச் சொல்லும் துப்பு இது.

அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஸ்டாம்ப் உள்ள மூலையைச் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டார்கள்! ஆல்பத்தில் முழு உறைக்கு இடமில்லை, பாவம். அப்படி எத்தனை உறைகள் போயினவோ, எனக்கு நினைத்தாலே வயிறு எரிகிறது. வெட்டிய சதுரங்களை இன்றும் சேர்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முழு உறைக்குத்தான் விலை கூடுதல்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. குப்பைக்குப் போனது வெறும் காகிதமில்லை. தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும், தேதி இருக்கும், சிலவற்றில் நேரமும் இருக்கும். இடது மூலையில், "5 நாளில் சேர்க்க முடியாவிட்டால் இவருக்குத் திருப்பவும்" என்ற குறிப்போடு ஒரு கடையின் பெயர் அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில், கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரைகூட இருக்கலாம். ஓடும் ரயிலுக்குள்ளேயே கடிதங்களைப் பிரித்து முத்திரை குத்திய ஊழியர்களும் இருந்தார்கள். அந்த ரயில் முத்திரையை நடுவில் வெட்டினால், எந்தத் தடத்தில் போன ரயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொரு சுவையான சேதி. 1901இல் அமெரிக்காவில் 76,945 தபால் நிலையங்கள் இருந்தன. அதற்குமேல் அந்த எண்ணிக்கை போனதே இல்லை. 1896இல் கிராமங்களில் விவசாயியின் வீட்டுப் பக்கமே தபால் கொண்டுபோகும் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், 1902இல் நிரந்தரமாக்கினார்கள். தபால் வீடு தேடி வந்ததும் குட்டித் தபால் நிலையங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆயிரக்கணக்கில் மூடினார்கள்.

இப்போது விலையைப் பாருங்கள். 2 சென்ட் வாஷிங்டன் உறைகளைக் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். நியூயார்க் முத்திரையோடு இருந்தால், நூறு வயதானாலும் சாதாரண விலைதான். அதே உறையில் என்றோ மூடிப்போன ஒரு மலைக்கிராமத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள். ஸ்டாம்ப் ஒன்றுதான், முத்திரைதான் வேறு. "பழசு என்றால் விலை உயர்ந்தது" என்று யாராவது சொன்னால், இனி நீங்களே அவர்களுக்கு விளக்கலாம்.

முதல் உலகப் போர் இந்த உறைகளில் ஒரு வடுவை விட்டுச் சென்றிருக்கிறது. போர்ச் செலவுக்காக 1917 நவம்பர் 2 முதல் சாதாரணக் கடிதத்துக்கு 2 சென்ட் கட்டணம் 3 சென்ட் ஆனது. ஊதா நிறத்தில் 3 சென்ட் உறைகளை அச்சடித்தார்கள். போர் முடிந்தது. 1919 ஜூலை 1 அன்று கட்டணம் மறுபடி 2 சென்ட். கையிருப்பில் இருந்த ஊதா உறைகளை என்ன செய்வது? எரிக்கவில்லை. 1920இலும் 1921இலும், முத்திரை குத்தும் இயந்திரங்களைக் கொண்டே அவற்றின்மேல் கறுப்பில் "2 சென்ட்" என்று அடித்தார்கள்.

அவசர வேலை அல்லவா? சில உறைகளில் இரண்டு தடவை விழுந்தது, சிலவற்றில் தலைகீழாக விழுந்தது. பச்சை 1 சென்ட், நீல 5 சென்ட் உறைகள் சிலவற்றின் மீதும் விழுந்தது! இப்படிப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் விட்டுவைப்பார்களா? விலை ஏறுகிற இடத்தில் போலியும் முளைக்கும். அதனால் அரிதான ஒன்றைக் காசு கொடுத்து வாங்குமுன் விவரம் தெரிந்த பெரியவரிடம் காட்டுங்கள்.

உங்களிடம் பழைய உறை எதுவாவது இருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சள் கறையை விட்டுவிடும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பென்சிலால்கூட எதுவும் எழுதாதீர்கள். நான்கு மூலைகளையும் காகித மூலைகளில் செருகி ஆல்பத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு புதிர். ஊதா நிற 3 சென்ட் உறை. மேலே கறுப்பு எழுத்து கிடையாது. உள்நாட்டுக்குள் போன சாதாரணக் கடிதம், முத்திரையில் தேதி 1919 ஆகஸ்ட். அனுப்பியவர் என்ன செய்திருக்கிறார்?

யோசித்துவிட்டீர்களா? 2 சென்ட் போதும் என்றிருந்தபோது 3 சென்ட் உறையை அனுப்பியிருக்கிறார். வாங்கி வைத்த உறை மிச்சம் இருந்திருக்கும். ஒரு சென்ட் போனால் போகட்டும் என்று தபால் பெட்டியில் போட்டுவிட்டார்.