நாடோடிகளுக்கு ஒரு காட்சிசாலை

மார்கழித் திருவாதிரை. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் மேல் பூசிய சந்தனத்தைக் களைவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் தரிசனம். கூட்டம் அலைமோதும்.

இப்படிப்பட்ட திருவிழாக்களில் ஊசி, பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது 'வாக்ரிபோலி' என்ற மொழி. குஜராத்திக்கு உறவான மொழி அது. அதற்குத் தனி எழுத்து கிடையாது. தாத்தா சொன்ன கதை பேரன் காதோடு சரி.

ஐரோப்பாவிலும் இப்படி ஊர் சுற்றிய ஒரு மக்கள் உண்டு. ஊரார் வைத்த பெயர் 'ஜிப்சி'. அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயர் 'ரோமா'. நரிக்குறவரும் ரோமாக்களும் ஒரே இனம் அல்ல. ஆனால் ரோமாக்களின் முன்னோரும் இந்தியாவில் இருந்து சென்றவர்களே. போய் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகிறது. இன்றும் தண்ணீர் அவர்களுக்குப் 'பானி'. காது, 'கான்'. இந்தி தெரிந்தவருக்கு அகராதியே வேண்டாம்!

ஹிட்லரின் கொடுமை

கொல்லு வேலை, குதிரை வியாபாரம், பாட்டு, பிடில் என்று பிழைத்தவர்களை ஹிட்லர் விட்டு வைக்கவில்லை. ஆஷ்விட்ஸ் முகாமுக்கு மட்டும் சுமார் 23 ஆயிரம் பேரைக் குடும்பத்தோடு கொண்டு போனார்கள். சுமார் 21 ஆயிரம் பேர் மாண்டார்கள். கதை சொல்லும் கிழவர்களும் போனார்கள். கேட்கும் குழந்தைகளும் போனார்கள்.

18 ஆண்டு வீண்

மிஞ்சியவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் 1969-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்தார்கள். காட்சிசாலை வைக்க ஆசைப்பட்டார்கள். 1973-ல் அந்தச் சங்கமே இல்லாமல் போயிற்று. அரசாங்கத்தின் கெடுபிடிதான் காரணம்.

பக்கத்து நாடான போலந்தில், தார்னுவ் நகரக் காட்சிசாலையைச் சேர்ந்த ஆடம் பார்டோஷ் 1979-ல் ரோமாக்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினார். 1990-ல் அது நிரந்தரம் ஆயிற்று. அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த குதிரை வண்டிகளை அங்கே காணலாம்.

செக் நாட்டு ரோமாக்களின் ஆசை 1991-ல்தான் நிறைவேறியது. பிர்னோ நகரில் அவர்களுக்கென்றே ஒரு காட்சிசாலை பிறந்தது. இடையில் 18 ஆண்டு. அதற்குள் எத்தனை கிழவர்கள் கண்ணை மூடினார்களோ!

உடை, நகை, கொல்லர் கருவி, புகைப்படம் எல்லாம் அங்கே இருக்கின்றன. முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எழுத்தில் ஏறாத சரித்திரத்துக்கு அதுதானே ஏடு?

பன்றிப் பண்ணை

அதே நாட்டில் லெட்டி என்ற ஊரில் யுத்த காலத்தில் ஒரு ரோமா முகாம் இருந்தது. அங்கே 300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பிற்பாடு அந்த இடத்தில் என்ன கட்டினார்கள் தெரியுமா? பன்றிப் பண்ணை! பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அரசாங்கம் பண்ணையை விலைக்கு வாங்கிப் பிர்னோ காட்சிசாலையிடம் ஒப்படைத்தது. கொட்டகைகளை இடித்தார்கள். 2024-ல் அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது.