ஊசிகள் வரையும் படம்

பல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களின் அச்சுத்தலையில் ஒன்பது ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மின்காந்தம் இயக்குகிறது. ஊசி பாய்ந்து ரிப்பனைக் குத்த, தாளில் ஒரு புள்ளி விழுகிறது. தலை நகர நகரப் புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகின்றன.

எப்சன் எஃப்எக்ஸ்-80 போன்ற பிரிண்டர்களுக்குள் ஆங்கில எழுத்துகளின் புள்ளி வடிவங்கள் முன்பே பதிந்திருந்தன. 65 என்ற எண்ணை அனுப்பினால் போதும், ‘ஏ’ அச்சாகிவிடும். தமிழுக்கு அந்த வசதி இருக்கவில்லை. எந்த இடத்தில் எந்தப் புள்ளி என்று நாமேதான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லும் முறை அழகானது. முதலில் 27, 75 என்ற இரண்டு எண்கள்: ‘இனி வருவது எழுத்தல்ல, புள்ளிகள்’ என்று பொருள். அடுத்த இரண்டு எண்கள், எத்தனை நெடுவரிசை என்பதைச் சொல்கின்றன. பிறகு நெடுவரிசைக்கு ஓர் எண். இதில் மேலிருந்து எட்டு ஊசிகளே வேலை செய்யும். மேல் ஊசிக்கு 128, அதற்கடுத்து 64, 32 என்று பாதி பாதியாகக் குறைந்து எட்டாவது ஊசிக்கு 1. குத்த வேண்டிய ஊசிகளின் மதிப்பைக் கூட்டினால் அதுவே அனுப்ப வேண்டிய எண். ‘ப’ எழுதிப் பார்ப்போம்: 27, 75, 7, 0, பின்னர் 255, 1, 1, 1, 1, 1, 255. முதல் 255 இடக்கோடு, ஐந்து 1-களும் அடிக்கோடு, கடைசி 255 வலக்கோடு. கடைசி எண்ணையும் 1 ஆக்கினால் ‘ட’ கிடைத்துவிடும்!

எட்டு அங்குல வரிக்கு, அங்குலத்துக்கு 60 வீதம் 480 நெடுவரிசைகள். ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது. அதனால் 480-ஐ 224, 1 என்று பிரித்து அனுப்ப வேண்டும் (224 + 1 × 256). பிரிண்டர் இந்தக் கணக்கில் மிகக் கறார். 480 என்று சொல்லிவிட்டு 470 அனுப்பினால், அடுத்து வரும் பத்து எழுத்துகளையும் புள்ளியாகவே குத்தித் தள்ளும். கணினியும் தன் பங்குக்குக் குழப்பும். 80 எண்கள் போனதும் வரி முடிந்தது என்று நினைத்து, பேசிக் மொழி தானாகவே 13, 10 என்ற வரிமாற்றக் குறிகளைச் செருகிவிடும். படத்தின் நடுவே வேண்டாத புள்ளிகள் முளைக்கும். பேசிக்கில் வரியின் அகலத்தை 255 என்று அறிவித்துத்தான் அதைத் தடுக்க வேண்டும்.

படம் ஒரு வரிக்கு மேல் போனால் இன்னொரு சிக்கல். வழக்கமான வரி இடைவெளி அங்குலத்தில் 12/72. எட்டு ஊசிகள் நிரப்புவதோ 8/72. இடையில் வெள்ளைப் பட்டை விழும். 27, 65, 8 என்று அனுப்பி இடைவெளியைக் குறைத்தால் பட்டை மறைந்துவிடும்.

வட்டம் வரைவதற்கும் கணக்கு வேண்டும். குறுக்கே அங்குலத்துக்கு 60 புள்ளிகள், நெடுக்கே 72. இரு பக்கமும் 60 புள்ளி வைத்து வரைந்தால் வட்டம் அமுங்கிப்போகும். உயரம் 72 என்றால் அகலத்தை 60 ஆக்க வேண்டும். அப்போதுதான் தாளில் வட்டம் வட்டமாக விழும்.