எழுத்து சோறு போடுமா?

"அம்மா, நான் பேங்க் பரீட்சை எழுதப் போறதில்லை. எழுத்தாளராகப் போறேன்" என்று என் மகள் சொன்னபோது அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அது 2020 செப்டம்பர். அவள் பி.ஏ. ஆங்கிலம் அப்போதுதான் முடித்திருந்தாள். மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடியவர்கள், ஏப்ரலில் நடக்கவேண்டிய கடைசிப் பரீட்சையை செப்டம்பரில் வீட்டிலிருந்தே எழுத வைத்தார்கள். என் கணவர் கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி வாடகைக்குக் கொடுப்பவர். கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்ற காலத்தில் யாருக்கு நாற்காலி வேண்டும்? எல்லாம் கொல்லையில் அடுக்கிக் கிடந்தன. பல பத்திரிகைகள் அச்சடிப்பதையே நிறுத்தியிருந்தன. பெயர் பெற்றவர்களுக்கே இடமில்லாத நேரத்தில் இவள் எழுதிச் சம்பாதிக்கப் போகிறாளாம்!

கோபத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்தபோது எழுத்தாளர் லக்ஷ்மி ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய தொடர்கதைகளை எங்கள் அம்மா பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணி வைத்திருப்பார். லக்ஷ்மியின் சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. 1921-ல் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர். சென்னையில் டாக்டருக்குப் படிக்கும்போது, யுத்த காலத்தில், வீட்டிலிருந்து பணம் வரவில்லை. கல்லூரிச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுதத் தொடங்கினார். ஆசிரியர் வாசன் வாய்ப்பும் கொடுத்து, பணமும் கொடுத்தார். 1984-ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாதெமி பரிசே கிடைத்தது. ஆனால் அவர் டாக்டர் படிப்பை விடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

மறுநாள் காலை மகளிடம் சொன்னேன். "இரண்டு வருஷம் தர்றேன். சாயங்காலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடு. பேங்க் புத்தகத்தைத் தூக்கிப் போடாதே. மிச்ச நேரம் எழுது." சரி என்றாள்.

முதல் நாலு மாதத்தில் ஆறு கதை அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு ஒரு தோழி மூலம் கம்பெனிகளின் இணையதளத்துக்கு எழுதும் வேலை கிடைத்தது. மிக்ஸி, குக்கர், தலைகாணி எல்லாவற்றுக்கும் நாலு வரி வர்ணனை. வார்த்தைக்கு 40 பைசா. முதல் மாதம் 1,840 ரூபாய் வந்தது. அதில் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளாமல் மடித்தே வைத்திருந்தார்.

அடுத்ததாக ஒரு நிறுவனம் மூன்று மாதம் வேலை வாங்கிக்கொண்டு 11,000 ரூபாயைக் கொடுக்கவே இல்லை. போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வக்கீலாக இருக்கும் என் தம்பிதான் விவரம் சொன்னான். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையில் எழுதியது தவிர, பொதுவாக எழுதியவருக்கே அதன் உரிமை. அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்கவேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம். "அக்கா, பாத்திரம் கடன் கொடுத்தாலே பேர் வெட்டிக் கொடுக்கிறீங்க. கதைக்கு வேண்டாமா?" என்று கேட்டான். அதற்கப்புறம் என் மகள், என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்று ஈமெயிலில் வாங்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. புது ஆளாக இருந்தால் பாதிப் பணம் முன்னாலேயே. இப்படிக் கேட்டதால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. போகட்டும்.

கை கொடுத்தது கதை அல்ல. மொழிபெயர்ப்பும், புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும்தான். 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டாள். ஆனால் ஒற்றுப் பிழைதான் அவளுக்குத் தகராறு. நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். "கீரை கடை என்றால் மத்தை எடுத்துக் கடைகிறது. கீரைக் கடை என்றால் கடைத்தெருவுக்குப் போகணும். ஒரு 'க்' தாண்டி வித்தியாசம்" என்றேன். அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாடு ஆனதும் அச்சுப் பக்கங்கள் என் மடியில். இலக்கண டீச்சர் அன்று காதைத் திருகியது வீண் போகவில்லை!

உடம்பையும் சொல்லவேண்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு ராத்திரி இரண்டு மணி வரை வேலை செய்ததில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விட்டது. இப்போது சாப்பாட்டு மேஜையும், முதுகுக்கு ஒரு தலைகாணியும். கம்ப்யூட்டருக்கு அடியில் நாலு பழைய புத்தகங்கள் வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தியாயிற்று. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இருபது அடி தள்ளியிருக்கிற எதையாவது இருபது விநாடி பார்க்கவேண்டும் என்று கண் டாக்டர் சொன்னார். அவள் பார்ப்பது எதிர்வீட்டு முருங்கை மரம்.

2022 செப்டம்பரில் கெடு முடிந்தது. அப்போது மாதம் சுமார் 14,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதில் 5,000 ட்யூஷன் பணம். அந்த வருஷ தீபாவளிக்கு ஒரு பத்திரிகையில் அவள் கதை வந்தது. என் கணவர் நாலு பிரதி வாங்கிவந்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போயிருந்தார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு இதெல்லாம் புரியவில்லை. "வீட்டிலிருந்தே எழுதுறாளா? அப்போ வேலைக்குப் போகலைன்னு சொல்லுங்க" என்றார் ஒரு அம்மாள். காபி டம்ளரை எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

எல்லாம் நிலைத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். இப்போது மெஷினே மொழிபெயர்த்துவிடுகிறது. அதன் தமிழைத் திருத்திக் கொடுக்கும் வேலையே அதிகம் வருகிறது, கூலியும் குறைவு. நேராக எழுதுவதைவிட அதைத் திருத்தத்தான் நேரம் ஆகிறது என்று புலம்புகிறாள்.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அந்த பேங்க் பரீட்சைப் புத்தகங்கள் கண்ணில் பட்டன. "பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடட்டுமாடி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும்மா. கம்ப்யூட்டருக்கு அடியில வைக்க ஆகும்" என்றாள்.