ஐம்பது வயது அசதிக்கு ஊசிதான் மருந்தா?

1889 ஜூன் 1. பாரிஸ் உயிரியல் கழகக் கூட்டம். 72 வயதுப் பேராசிரியர் பிரவுன் செக்கார் எழுந்து, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கிப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். மாடிப்படியில் ஓடியே ஏற முடிகிறதாம். சிறுநீர்கூட முன்பைவிடத் தள்ளிப்போய் விழுகிறதாம். அளந்தே பார்த்திருக்கிறார் மனிதர்! ஆனால், விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அந்தச் சாற்றில் சரக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. வேலை செய்தது நம்பிக்கை.

அந்த ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தது 1935-ல்தான். நம்பிக்கை வியாபாரமோ அதற்கு முன்பும் நடந்தது, இன்றும் நடக்கிறது. நம்மூரில் லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்களைப் பார்த்துச் சிரித்த படித்தவர்கள், இப்போது ‘டெஸ்டோ’ ஊசிக்கு விலை விசாரிக்கிறார்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல ஆண்களுக்கு எதுவும் சட்டென்று நின்றுவிடுவதில்லை. நடுவயதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என மெதுவாக இறங்கும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,000-க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்து, 2010-ல் வெளியான ஆய்வில், ஹார்மோனும் குறைந்து பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். மற்றவர்களின் அசதிக்குக் காரணம்? பெரும்பாலும் தொப்பை, சர்க்கரை, குறட்டையால் அறுந்து அறுந்து போகும் தூக்கம். கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக வேறு மாற்றிவிடுகிறது. எடை குறைந்தால் அளவு தானே ஏறும்.

பரிசோதனையிலும் கோளாறு உண்டு. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் சரியும். ஆபீஸ் முடிந்து, டீ, வடையை முடித்துவிட்டு லேபில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டில் குறைவாகத்தான் வரும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்கள் எடுக்க வேண்டும். இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் சிகிச்சைப் பேச்சு.

ஊசியால் உண்மையிலேயே பலன் பெறுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால், வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஆண்மைக்கென்று போடும் ஊசியே குழந்தைப்பேற்றைத் தடுக்கும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ரத்தமும் கெட்டிப்படலாம். இந்த ஹார்மோன் சிகிச்சை பற்றி 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தம் உறைவதும் கூடியிருந்தன.

எனவே, முதலில் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர் என்றால், ஊசிக்குக் கை நீட்டுவதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.