197 முறை 'ஸ்டிரைக் அவுட்': ஆனாலும் 15 கோடி டாலர் சம்பளம் ஏன்?

அமெரிக்காவின் பிலடெல்பியா பிலீஸ் பேஸ்பால் அணியின் அதிரடி வீரர் கைல் ஷ்வார்பர். 2025 சீசனில் மட்டும் 197 முறை 'ஸ்டிரைக் அவுட்' ஆனார். ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் 5 ஆண்டுக்கு 15 கோடி டாலர் என்று பேசி அணி நிர்வாகம் அவரை தக்க வைத்துக்கொண்டது. இத்தனை தடவை அவுட் ஆனவருக்கு இவ்வளவு பணமா என்று கேட்கத் தோணும்.

3 ஸ்டிரைக் ஆனால் அவுட்

சரியாக வரும் பந்தை அடிக்காமல் விட்டாலோ, மட்டையை வீசி கோட்டை விட்டாலோ அது ஒரு ஸ்டிரைக். 3 ஸ்டிரைக் ஆனால் ஆள் காலி. ஓங்கி சுற்றுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

ஆனால் கேட்ச் ஆனாலும் அவுட்தான். அதுமட்டுமல்ல, முதல் பேசில் சக வீரர் நிற்கும்போது பந்தை தரையோடு தட்டினால் சில சமயம் 2 பேருமே அவுட். ஸ்டிரைக் அவுட்டில் பெரும்பாலும் ஒருத்தர்தான் போவார்.

எங்கே அடி விழும்?

3-வது பேசில் ஆள் நிற்கும்போதுதான் சிக்கல். பந்தை லேசாக தட்டிவிட்டாலே ஒரு ரன் வரலாம். அங்கே ஸ்டிரைக் அவுட் ஆனால் அந்த ரன் போச்சு. ரசிகர்கள் கடுப்பாவது இதற்குத்தான்.

ஈடு கட்டும் ஹோம்ரன்

ஹோம்ரன் என்பது நம்ம சிக்சர் மாதிரி. பேசில் நிற்கும் எல்லோரும் ரன் எடுக்கலாம். ஒரே அடியில் 4 ரன் வரை கிடைக்கும். 2025-ல் ஷ்வார்பர் அடித்தது 56 ஹோம்ரன்.

தவறான பந்து 4-ஐ தொடாமல் விட்டால் சும்மாவே முதல் பேசுக்கு நடந்து போகலாம். 2023-ல் ஷ்வார்பர் 215 முறை ஸ்டிரைக் அவுட். ஆனால் அப்படி நடந்து போனது 126 முறை. கூடவே 47 ஹோம்ரன்.

சரிந்த டேவிஸ்

பால்டிமோர் ஓரியோல்ஸ் வீரர் கிறிஸ் டேவிஸ் 2013-ல் 199 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். 53 ஹோம்ரன் அடித்ததால் யாரும் குறை சொல்லவில்லை. 2016-ல் 7 ஆண்டுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது. 2018-ல் ஸ்டிரைக் அவுட் 192. ஆனால் ஹோம்ரன் வெறும் 16. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021-ல் ஓய்வு பெற்றார்.

ஸ்டிரைக் அவுட் கணக்கு 2 ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மதிப்பை இறக்கியது அது இல்லை, நின்றுபோன ஹோம்ரன்தான்.